கோடரிக்குப் பிடி போட்ட கை

ரமழான் தலைப்பிறை கண்டதும் எங்கள் கரையோர ஊர்களில் ஸகாத் கூட்டங்கள் தொடங்கிவிடும். கூட்டத்துக்குக் கூட்டம் பேச்சாளர் மாறுவார், ஹதீஸ் மாறாது. அன்சாரித் தோழர் ஒருவர் யாசகம் கேட்டு வந்தார், நபி (ஸல்) அவர்கள் அவருக்கு ஒரு கோடரியை வாங்கச் செய்து விறகு வெட்டி விற்கும்படி அனுப்பிவைத்தார்கள். மேடையில் சொல்லப்படுவது இவ்வளவுதான். பிறகு பேச்சாளர் குரலை உயர்த்துவார்: கை நீட்டாதீர்கள், உழைத்துச் சாப்பிடுங்கள். முன்வரிசையில் இருக்கிற தனவந்தர்கள் தலையாட்டுவார்கள். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் டோக்கன் துண்டைக் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு இருக்கிற பெண்களின் தலை ஆடுகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

நான் 1996 முதல் ஓய்வு பெறும்வரை சமுர்த்தியில் வேலை செய்தவன். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் மஹல்லாவின் ஸகாத் குழுவில் என்னையும் போட்டுவிட்டார்கள். அரசாங்கம் கொடுக்கிற பக்கத்திலும் ஊர் கொடுக்கிற பக்கத்திலும் இருந்து பார்த்தாயிற்று. அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன். விமர்சனம் என்றால் ஒரு நூலையோ ஒரு கதையையோ எடுத்து வைத்துக்கொண்டு எழுதுவதுதான் வழக்கம். நான் எடுத்துக்கொள்வது ஒரு சொல்லை. ‘சொந்தக் காலில் நிற்கவைத்தல்’. அரசாங்கச் சுற்றுநிருபத்திலும் இருக்கிறது, ஸகாத் துண்டுப் பிரசுரத்திலும் இருக்கிறது. யாருடைய கால், யார் நிற்கவைப்பது, எத்தனை நாளில் என்று கேட்டால் இரண்டு இடத்திலும் பதில் கிடைக்காது.

முதலில் அந்த ஹதீஸை முழுதாகப் பார்ப்போம். அனஸ் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் பதிவாகியிருக்கிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பதாக ஹதீஸ் கலை அறிஞர்கள் சிலர் சொல்லியிருப்பதும் தெரியும். நான் அதிலிருந்து சட்டம் எடுக்க வரவில்லை. மேடையில் ஏற்கெனவே எடுத்துக் கையாளப்படுகிற ஒரு சம்பவம், அது சரியாகச் சொல்லப்படுகிறதா என்பதுதான் என் கேள்வி.

வந்தவரிடம் முதலில் கேட்கப்பட்டது, உன் வீட்டில் ஒன்றுமே இல்லையா என்பது. இருக்கிறது என்கிறார் அவர். ஒரு முரட்டுத் துணி, அதில் பாதியை உடுத்துப் பாதியை விரித்துப் படுப்பார்கள். தண்ணீர் குடிக்க ஒரு மரக்கிண்ணம். இரண்டையும் கொண்டு வரச் சொல்லி நபியவர்கள் தம் கையில் எடுத்து ஏலம் விடுகிறார்கள். ஒருவர் ஒரு திர்ஹத்துக்குக் கேட்கிறார். இதைவிடக் கூட்டுபவர் யார் என்று இரண்டு மூன்று தடவை கேட்டு, இன்னொருவரிடம் இரண்டு திர்ஹத்துக்குக் கொடுக்கிறார்கள். ஒரு திர்ஹத்துக்கு உணவு வாங்கி வீட்டில் கொடு, மற்றதற்குக் கோடரித் தலை வாங்கி என்னிடம் கொண்டு வா என்பது அடுத்த கட்டளை. அவர் கொண்டு வந்ததும் நபியவர்கள் தம் கையாலேயே அதற்குப் பிடி போட்டுக் கொடுக்கிறார்கள். போய் விறகு வெட்டி விற்று வா, பதினைந்து நாளைக்கு உன்னை நான் பார்க்கக் கூடாது என்கிறார்கள். அவர் போய், பத்து திர்ஹம் தேடிக்கொண்டு திரும்பி வருகிறார். சிலதற்குத் துணியும் சிலதற்கு உணவும் வாங்கியிருக்கிறார். யாசகம் எவருக்குத் தகும், எவருக்குத் தகாது என்ற போதனை அதற்கப்புறம்தான் வருகிறது. கடுமையான வறுமையில் கிடப்பவர், தாங்க முடியாத கடனில் அகப்பட்டவர், இரத்தப் பரிகாரத் தொகை சுமந்தவர் என்று மூன்று பேருக்கு அப்போதும் விலக்கு உண்டு.

மேடைப் பேச்சில் விடுபடுவது எது என்று பாருங்கள். விசாரணை விடுபடுகிறது. உணவுக்கான திர்ஹம் விடுபடுகிறது. பிடி போட்ட கை விடுபடுகிறது. பதினைந்தாம் நாள் விடுபடுகிறது. அந்த மூன்று பேருக்கான விலக்கும் விடுபடுகிறது. மிஞ்சுவது கோடரியும் போதனையும். அதுவும் போதனை முதலில், கோடரி பின்னால்.

எனக்கு இளமையில் இந்தச் சம்பவத்தில் ஒரு சங்கடம் இருந்தது. இருந்த ஒரே விரிப்பையும் விற்பதா? ஏலத்தில் நின்ற தோழர்கள் இரண்டு திர்ஹத்தை சதகாவாகக் கொடுத்திருக்கலாமே? பல வருடம் பைல்களோடு மாரடித்த பிறகுதான் ஒன்று புரிந்தது. அந்தக் கோடரி அவருடைய சொந்தக் காசில் வாங்கியது. அதில் எந்த தனவந்தருடைய பெயரும் ஒட்டப்படவில்லை. எங்கள் ஊரில் கொடுக்கிற தையல் மெஷினில் அன்பளிப்பு இன்னார் என்று ஸ்டிக்கர் ஒட்டித்தான் கொடுக்கிறோம். அது வீட்டுக்குள் இருக்கும்வரை அந்த வீட்டுக்காரி அவருடைய ஸகாத்துக்காரிதான்.

தையல் மெஷின் என்றதும் என்னுடைய ஒரு பிழையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் வேலை பார்த்த பிரிவில் ஒரு ராத்தா. புருஷன் மவுத்தாகி, இத்தா முடிந்து, மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளைக்கு இழுப்பு. ஊரில் ஒரு நலன்புரிக் குழு அவருக்கு மெஷின் கொடுத்தது. மேடை, மாலை, படம் எல்லாம் நடந்தது. நானும் மேடையில் இருந்தேன். அந்த வருடம் எங்களுக்கு மேலிடத்திலிருந்து ஒரு இலக்கு வந்திருந்தது. பிரிவுக்கு இத்தனை குடும்பத்தை நிவாரணத்திலிருந்து ‘முன்னேற்றி’ விடுவிக்க வேண்டும். நான் ராத்தாவின் குடும்ப பைலை எடுத்தேன். சுயதொழில் உண்டு, தையல், மெஷின் சொந்தம். முன்னேறிய குடும்பம் என்று குறித்துக் கையொப்பம் வைத்தேன். எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அடுத்த ஆறு மாதத்தில் நிவாரணம் நின்றது. அதற்கும் அடுத்த வருடம் அந்த மெஷின் விலைப்பட்டுவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

ஊரில் பேச்சு எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். “குடுத்தா வெச்சிக்கத் தெரியாத சனம்.” மெஷின் கொடுத்தவர்களே அதைச் சொன்னார்கள். நானும் மனதுக்குள் சொல்லியிருப்பேன். ஒரு நாள் அந்த வழியால் சைக்கிளில் போகும்போது அவர் வாசலில் நின்றார். கேட்டேவிட்டேன், ஏன் ராத்தா வித்தீங்க எண்டு.

“மெஷின் சோறு போடுமா தம்பி? முதல்ல நூல் வாங்கணும், துணி வாங்கணும், கரண்ட் பில் கட்டணும். தைச்சுக் குடுத்த ஆக்கள் பெருநாள் கழிச்சித் தாறம் எண்டாங்க. பெருநாள் போய் மத்தப் பெருநாளும் வந்திட்டுது. கடைல ரெடிமேட் அபாயா அந்த விலைக்கி வந்தா என்னத்துக்கு எனக்கிட்டத் தைக்கிற? புள்ளைக்கி இழுப்பு வந்த அண்டு ஓட்டோவுக்குக் காசில்ல. ஊட்ட வேற விக்கிறதுக்கு ஒண்டும் இருக்கல்ல. நீங்களும் அதுக்குப் புறகு வரல்லயே.”

கடைசி வாக்கியத்தை அவர் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வது போலச் சொன்னார். என் பிரிவில் அப்போது இருநூறுக்கு மேல் குடும்பம். அதோடு வங்கிச் சங்கக் கூட்டம், டெங்கு ஒழிப்புச் சிரமதானம், தேர்தல் கடமை, வெள்ளம் வந்தால் உலருணவுப் பட்டியல். ஒரு வீட்டுக்கு இரண்டாம் தடவை போவதற்கு எனக்கு மனம் இல்லாமல் இல்லை. அதற்கென்று நாட்குறிப்பில் இடம் இல்லை. இது சாக்குப்போக்கு என்று வாசகர் நினைத்தால் பாதி சரிதான். மற்றப் பாதியையும் யாராவது எழுத வேண்டும்.

எங்கள் நாட்டுத் திட்டங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, கணக்குப் போட்டவர்களுக்கு அறிவில்லை என்று சொல்ல முடியாது. 1989 இல் பிரேமதாச கொண்டுவந்த ஜனசவியவை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 2,500 ரூபாய், 24 மாதம். அதில் 1,458 ரூபாய் நுகர்வுக்கு, 1,042 ரூபாய் சேமிப்பில். முடிவில் அந்தச் சேமிப்பு 25,000 ரூபாய் ஆகும், அதை வைத்துத் தொழில் தொடங்கலாம். உணவுக்கு ஒன்று, கோடரிக்கு ஒன்று என்ற பங்கீடு இதிலும் இருக்கிறது! நான் அந்தக் காலத்தில் இளைஞன். மற்றவர்கள் கூப்பன் திட்டம் என்று கேலி செய்தபோது நானும் சிரித்தேன். இப்போது திரும்பிப் பார்த்தால் அதன் எண்ணத்தில் குறை குறைவு என்றே படுகிறது. கோடரித் தலையை வாங்க வழி செய்தார்கள், பிடி போட ஆள் வைக்கவில்லை. 24 மாதம் முடிந்ததும் குடும்பமும் திட்டமும் அவரவர் வழியில் போய்விட்டன.

1995 இல் சமுர்த்தி வந்தபோது ஆள் வந்தார்கள், நாங்கள் வந்தோம். ஊருக்கு ஊர் உத்தியோகத்தர். பிடி போடும் கை கிடைத்துவிட்டது என்றுதான் நானும் நம்பிச் சேர்ந்தேன். ஆனால் அந்தக் கை சீக்கிரமே பட்டியல் எழுதும் கையாகிவிட்டது. பட்டியல் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் வாக்கும் இருக்கிறது. இது எல்லாருக்கும் தெரிந்த கதை. நீட்டத் தேவையில்லை.

2023 ஜூலையில் அஸ்வெசும தொடங்கியது. உத்தியோகத்தரின் விருப்பு வெறுப்பை அகற்றுவதுதான் நோக்கம் என்றார்கள். நியாயமான நோக்கம். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு தலைப்பு, 22 சுட்டிகள். அதற்குப் புள்ளி போட்டு நாலு படி. ஆரம்பத்தில் இடைநிலையினருக்கு 2,500, பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு 5,000, வறியவர்களுக்கு 8,500, மிக வறியவர்களுக்கு 15,000 ரூபாய். பிறகு தொகைகள் கூடின. அந்தப் படிவத்தை ஒரு பிரதியாக எடுத்து வாசிக்கும்போது எனக்குத் தோன்றுவது, இது நன்றாக எடுக்கப்பட்ட ஒரு நிழற்படம் என்பது. சுவர் எதனால் கட்டியது, வீட்டில் என்ன இருக்கிறது, எத்தனை பேர் படித்தார்கள். எல்லாம் பதிவாகிறது. உனக்கு என்ன செய்யத் தெரியும் என்ற கேள்விக்கு அதில் கனம் இல்லை. உன் வீட்டில் ஒன்றுமே இல்லையா என்று அன்று கேட்கப்பட்டதற்கும் இன்று கேட்கப்படுவதற்கும் சொல்லளவில் பெரிய வித்தியாசம் இல்லை. அன்று இருப்பதைக் கொண்டு தொடங்குவதற்காகக் கேட்டார்கள். இன்று இருப்பதைக் காட்டி விலக்குவதற்காகக் கேட்கிறோம். அதனால்தான் சனங்கள் டீவியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைக்கிறார்கள். “டீவிய எழுதினா காசி வராதாமே சேர்” என்று என்னிடம் கேட்டவர்கள் பொய்யர்கள் இல்லை. கேள்வியின் நோக்கத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள்.

இன்னொன்று தவணை. கீழ்ப் படிகளுக்கு மாதக்கணக்கிலும் மேல் படிகளுக்கு மூன்று வருடம் என்றும் முதலிலேயே முடிவுத் திகதி போடப்பட்டது. சில தவணைகள் பிறகு நீட்டப்பட்டன. நபியவர்களும் தவணை போட்டார்கள்தானே என்று என்னிடம் ஒரு நண்பர் வாதாடினார். போட்டார்கள், உண்மை. ஆனால் அந்தப் பதினைந்து நாள் தொடங்கியது உணவு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, கோடரி கைக்கு வந்த பிறகு. அது முடிந்ததும் அவர் வந்து நின்று கணக்குச் சொல்கிறார். இங்கே தவணை தொடங்கும்போது கையில் கோடரி இல்லை, முடியும்போது பார்ப்பதற்கு ஆளில்லை.

இப்போது நாட்டில் புதிதாக ஒரு சொல் புழங்குகிறது. கேஸ் மெனேஜ்மன்ட். குடும்பத்துக்கு ஒரு ஆள் பொறுப்பாக நின்று, அந்தக் குடும்பத்தோடு பேசித் திட்டம் போட்டு, வைத்தியம், படிப்பு, தொழில், கடன் என்று வேண்டிய இடங்களோடு தொடுத்துவிட்டு, திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது. ஒரு செயலமர்வில் இதைத் தமிழில் ‘வழக்கு முகாமைத்துவம்’ என்று அச்சடித்துத் தந்தார்கள். வந்திருந்த பெண் ஒருவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார், “என்ன வழக்கு சேர், பொலிசில போட்டதா?” சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் மொழிபெயர்த்தவரை அறியாமலே ஒரு உண்மை அங்கே விழுந்திருக்கிறது. உதவி கேட்டு வருகிறவரை நாம் குற்றம் சாட்டப்பட்டவர் போலத்தான் நடத்துகிறோம்.

இதைத் திரையில் பார்க்க வேண்டும் என்றால் கென் லோச் எடுத்த ‘ஐ, டேனியல் பிளேக்’ படத்தைப் பார்க்கலாம். 2016 இல் வந்தது, கான் விழாவில் தங்கப் பனை வாங்கியது. நியூகாசில் நகரத்தில் ஒரு தச்சர். மாரடைப்பு வந்தவர். வேலை செய்யக் கூடாது என்கிறார் வைத்தியர், செய்யலாம் என்கிறது மதிப்பீட்டுப் படிவம். உதவி வேண்டுமென்றால், செய்ய முடியாத வேலையைத் தேடியதாகக் கணக்குக் காட்டியாக வேண்டும். லண்டனிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு அனுப்பப்பட்ட கேட்டி என்ற பெண், புதிய ஊரில் பஸ் மாறி ஏறிப் பிந்தி வந்ததற்குத் தண்டிக்கப்படுகிறாள். உணவு வங்கியில் பசி தாங்காமல் அவள் டின்னை உடைத்துக் கையால் அள்ளித் தின்னும் காட்சியில் நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்து பார்க்க ஒரு நாள் பிடித்தது.

ஆனாலும் அந்தப் படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. உத்தியோகத்தர்கள் பெரும்பாலும் சுவர்களாகவே வருகிறார்கள். ஆன் என்ற பெண் மட்டும் டேனியலுக்கு கணினியில் படிவம் நிரப்ப உதவுகிறாள். மேலதிகாரி அவளைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறார், இப்படி உதவினால் அது ஒரு முன்மாதிரியாகிவிடுமாம். அந்த ஒரு காட்சியில் ஒரு முழுப் படம் இருக்கிறது, லோச் அதைத் தாண்டிப் போய்விட்டார். உதவ விரும்புகிற கையை நிர்வாகம் எப்படித் தட்டிவிடுகிறது என்பது உதவி பெறாதவரின் கதையைப் போலவே சொல்லப்பட வேண்டியது. நம் கதைகளிலும் இதே குறைதான். ஹாஜியார் வீட்டு வாசலில் ஸகாத் வரிசையில் நிற்கும் ஏழைப் பெண்ணை நம் எழுத்தாளர்கள் எத்தனையோ தடவை எழுதிவிட்டார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு கதை எழுதிப் பார்த்தவன்தான். வரிசை கலைந்து, அவள் அந்த நோட்டோடு வீட்டுக்குப் போன பிறகு அடுத்த பதினைந்து நாள் என்ன நடந்தது? அங்கே நம் கதைகள் போவதில்லை. வரிசையில் கண்ணீர் இருக்கிறது, கதைக்கு அது போதுமாயிருக்கிறது.

பங்களாதேஷில் பிராக் நிறுவனம் 2002 இல் தொடங்கிய திட்டத்தைப் பற்றி வாசித்தபோது எனக்கு ஆச்சரியம் வந்தது அதன் வரிசையைப் பார்த்து. கடனுக்குக்கூடத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட கடைக்கோடிக் குடும்பங்களைத் தெரிவு செய்கிறார்கள். ஆடோ மாடோ கோழியோ ஒரு சொத்து. அது பலன் தரும்வரை வயிற்றுக்கு ஒரு சிறு தொகை. பயிற்சி, சேமிப்பு, வைத்தியம். கிட்டத்தட்ட 24 மாதத்துக்கு ஒரு ஆள் அடிக்கடி வீடு தேடி வருகிறார். எத்தியோப்பியா, கானா, ஹொண்டூராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் இதைச் செய்து பார்த்த ஆய்வு 2015 இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வந்தது. திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்தும் பெரும்பாலான இடங்களில் குடும்பங்களின் நுகர்வும் சொத்தும் கூடியே இருந்தன. ஹொண்டூராஸில் கொடுத்த கோழிகள் நோயில் செத்துப்போக, அங்கே பலன் நிலைக்கவில்லை. கானாவில் இன்னொரு சோதனையும் நடந்தது. சில குடும்பங்களுக்கு முழுத் திட்டம், சில குடும்பங்களுக்கு ஆடு மட்டும். ஆடு மட்டும் வாங்கிய குடும்பங்களிடம் நீடித்த முன்னேற்றம் தெரியவில்லை.

ஆடு மட்டும். மெஷின் மட்டும். கோடரி மட்டும். வாசித்துவிட்டு நான் ராத்தாவின் பைலைத்தான் நினைத்தேன்.

இந்தத் திட்டத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் எனக்கு விருப்பமில்லை. வீடு தேடிப் போகிற ஆளுக்குத்தான் அதில் பெரிய செலவு. சம்பளம், பயணம், பயிற்சி. ஒரு ஆளுக்கு ஐம்பது குடும்பம் என்றால் நடக்கும், இருநூறு என்றால் நடக்காது. அடிக்கடி வருகிற ஆள் கண்காணிப்பவராக மாறுவதற்கும் அதிக நேரம் ஆகாது. கையில் பேனையும் படிவமும் இருந்தால் அந்த மாற்றம் எப்படி வருகிறதென்றே தெரியாது. எனக்கு வந்தது.

நம் பக்கத்தில் இதற்கு வேண்டிய சிந்தனை இல்லாமலா இருக்கிறது? நாம் ஷாஃபி மத்ஹபுக்காரர்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். இமாம் நவவி ‘அல்மஜ்மூஉ’ நூலில், ஏழைக்கு அவருடைய தேவை நிரந்தரமாகத் தீரும் அளவுக்குக் கொடுக்க வேண்டும் என்ற மத்ஹபின் கருத்தை விளக்குகிறார். தொழில் தெரிந்தவருக்குத் தொழிற்கருவி வாங்கும் அளவு, வியாபாரிக்கு அவருடைய வியாபாரத்துக்கு ஏற்ற முதல். கீரை விற்பவருக்கு ஐந்து அல்லது பத்து திர்ஹம், இரத்தினக்கல் வியாபாரிக்குப் பத்தாயிரம் திர்ஹம் என்று உதாரணம்கூடச் சொல்லியிருக்கிறார். ஆளுக்கு ஆள் வேறு. இதுதானே கேஸ் மெனேஜ்மன்ட்? தொழில் எதுவும் செய்ய இயலாதவரை உழைத்துச் சாப்பிடு என்று அங்கே யாரும் விரட்டவில்லை. அவருக்கு வருமானம் தரும் ஒரு சொத்தை வாங்கிக் கொடுத்து அதன் பலனில் வாழவைக்கலாம் என்பதும் அங்கே இருக்கிறது. படுத்த படுக்கையான மகனை வைத்துக்கொண்டிருக்கும் எழுபது வயதுத் தாயை எந்தக் காலில் நிற்கவைக்கப் போகிறோம்? நம் குழுக்களின் படிவத்தில் அவருக்கும் ‘என்ன சுயதொழில் செய்ய விருப்பம்’ என்ற ஒரு கட்டம் இருக்கிறது. போன வருடம் அந்தக் கட்டத்தில் ஒரு வயோதிபத் தாய் ‘மௌத்து’ என்று எழுதச் சொன்னதாக எங்கள் எழுதுவினைஞர் தம்பி வந்து சொன்னான். பகிடியா கோபமா என்று அவனுக்கும் விளங்கவில்லை.

இவ்வளவு நூல் கையில் இருந்தும் நாம் செய்வது, சேர்ந்த ஸகாத்தை விண்ணப்பித்தவர் தொகையால் பிரிப்பது. நூறு பேருக்கு ஆளுக்குக் கொஞ்சம். எல்லாருக்கும் கிடைத்தது என்ற திருப்தி கொடுத்தவர்களுக்கு, பெருநாள் முடிந்ததும் அதே நூறு பேர். அடுத்த வருடம் நூற்றிருபது.

ராத்தாவை நான் ஓய்வு பெற்ற பிறகு மறுபடி சந்தித்தேன். விடிய மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்து இரண்டு ஹோட்டலுக்குக் கொடுக்கிறார். மூத்த மகள் கைகொடுக்கிறாள். இந்தத் தொழிலை அவருக்கு நானும் கொடுக்கவில்லை, எந்தக் குழுவும் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருவர் ஒரு மூட்டை அரிசிமா கடனுக்குக் கொடுத்து, ஹோட்டல்காரரிடம் கூட்டிக்கொண்டுபோய்க் கதைத்துவிட்டு, முதல் ஒரு மாதம் தினமும் பின்னேரம் வந்து விற்பனை எப்படி என்று கேட்டுப் போயிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். படிவம் இல்லை, சுட்டி இல்லை. “அவர் கேக்க வருவாரு எண்டதுக்காகவே நான் ஒரு நாளும் அவிக்காம இருக்கல்ல தம்பி” என்றார் ராத்தா. அவர் மவுத்தாகிவிட்டாராம். கடன் முடிந்த பிறகுதான்.

இந்த வருடம் எங்கள் குழுவில் ஒரு யோசனையை வைத்திருக்கிறேன். நூறு குடும்பத்துக்குப் பதிலாகப் பத்துக் குடும்பம். ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதச் சாப்பாட்டுக்கும் தொழிலுக்கும் சேர்த்துப் பணம். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை போய்ப் பார்க்க இரண்டு பேர், அதில் ஒருவர் கட்டாயம் பெண். அவர்களுக்கு பஸ் காசும் ஒரு சிறு கொடுப்பனவும். ஸ்டிக்கர் இல்லை, மேடை இல்லை, படம் இல்லை. உழைக்க இயலாதவர்களுக்குத் தனிப் பட்டியல், அவர்களுக்குத் தவணையே இல்லை.

பொருளாளர் நல்ல மனிதர். கணக்கில் ஒரு சதம் பிசகமாட்டார். அவர் கேட்டது ஒரே கேள்வி. “அந்தத் தொண்ணூறு பேருக்கும் பெருநாளைக்கு என்ன பதில் சொல்ற? நீங்க வாசல்ல நிண்டு சொல்லுவீங்களா?” கேள்வி நியாயமானது. ஸகாத் அவர்களுக்கும் உரியது. பத்துப் பேரைத் தெரிவது யார், எதை வைத்து என்றும் இன்னொருவர் கேட்டார். 22 சுட்டியை வைத்தா என்று மூன்றாமவர் கேட்க எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். பத்து வேண்டாம், முதலில் நாலு குடும்பத்தோடு பார்ப்போம், மற்றவர்களுக்கு வழக்கம் போலக் கொடுப்போம் என்று தலைவர் ஒரு இடைவழி சொன்னார். நாலு என்றால் யார் அந்த நாலு என்பதில் கூட்டம் மஃரிப் வரைக்கும் இழுத்தது. முடிவாகவில்லை. வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு மறுபடி கூடுகிறோம். வீடு வீடாகப் போக ஆயத்தமான இரண்டு பேரின் பெயரை அதற்கு முதல் நான் கொண்டுவர வேண்டும். இதுவரை ஒரு பெயர்தான் கிடைத்திருக்கிறது. ராத்தாவின் மூத்த மகள்.